கன்சோல் முழுக்க ஒரே அச்சீவ்மென்ட் சிஸ்டம் வேணுமா, நின்டெண்டோ ஏன் இன்னும் குடுக்கல்ல?

2025 ஜூன் 5ஆம் திகதி நின்டெண்டோவோட சுவிட்ச் 2 கன்சோல் வந்தப்போ நெறைய பேரு அதுக்குள்ள மொதல்ல தேடுனது ஒரு விசயத்தைதான், கேம்ல ஒரு வேலைய முடிச்சா உங்க பேருல பதிவாகுற அச்சீவ்மென்ட். ப்ளேஸ்டேஷன்ல ட்ரொஃபி இருக்கு, எக்ஸ்பாக்ஸ்ல அச்சீவ்மென்ட் இருக்கு, பிசி கேம் விக்கிற ஸ்டீம்ல இருக்கு, போன்ல கூட இருக்கு, இந்தத் தடவையாவது நின்டெண்டோ குடுத்திருப்பாங்களான்னு பாத்தாங்க. குடுக்கல்ல. அதுல இருந்து ஒரு பக்கம் "இது இல்லாம 100 மணித்தியாலம் ஆடி என்ன பிரயோசனம்"னு கேக்குறாங்க, மத்தப் பக்கம் "ஒரு டிங் சத்தத்துக்காகவா கேம் ஆடுறீங்க"ன்னு நக்கலடிக்கிறாங்க.

ரெண்டு பக்கமும் சண்டை போடுறது ஒரே கேள்விக்கு இல்ல, அதுதான் குழப்பமே. இதுக்குள்ள மூணு கேள்வி கெடக்கு.

1. ஒரு கேமுக்குள்ள அச்சீவ்மென்ட் இருக்கலாமா?
2. அத கன்சோலே எல்லா கேமுக்கும் பொதுவா ஒரு எடத்துல சேத்து வெக்கணுமா?
3. அப்பிடி வெச்சா எல்லா கேமும் அதுல கட்டாயம் சேரணுமா, எல்லா புள்ளியையும் கூட்டி ஒரு மொத்தம் காட்டணுமா?

மொதக் கேள்வில யாருக்கும் பெரிய பிரச்சினை இல்ல. ரெண்டாவதுக்கு ஆமாங்கிறதுதான் என் முடிவு. மூணாவதுலதான் கோளாறு இருக்கு, ஆனா ரெண்டாவதப் பத்திக் கதைக்கிறப்போ எல்லாரும் மூணாவதையும் சேத்து இழுத்துட்டு வந்துடுறாங்க.

## மொதல்ல அடிப்படை: இது எப்பிடி வேல செய்யுது

அச்சீவ்மென்ட்னா கேம் வெச்ச ஒரு வேலைய நீங்க முடிச்சதுக்கு விழுற ஒரு பதிவு. கதையோட மொத அத்தியாயம் முடிச்சா ஒன்னு, அடி வாங்காம பாஸ, அதாவது கட்டத்தோட பெரிய எதிரிய, தோக்கடிச்சா ஒன்னு, ஒளிச்சு வெச்ச பொருள் எல்லாத்தையும் பொறுக்குனா ஒன்னு, இப்பிடி. கேமுக்குள்ள மட்டும் இருந்தா அது அந்த கேமோட சேவ் பைலோட, அதாவது நீங்க எதுவரைக்கும் ஆடுனீங்கன்னு எழுதி வெக்கிற பைலோட, சேந்தது, சேவ் போனா அதுவும் போச்சு. சிஸ்டம் முழுக்கன்னு சொல்றது வேற, அங்க நடக்குறது இதுதான்:

1. கேம் செய்றவங்க ஒரு பட்டியல கன்சோல் கம்பனிகிட்ட முன்கூட்டியே குடுக்குறாங்க. ஒவ்வொன்னுக்கும் ஒரு நம்பர், பேரு, விளக்கம், சின்னப் படம், புள்ளி.
2. நீங்க அந்த வேலைய முடிச்சதும் கேம் கன்சோலோட மென்பொருளுக்கு "இந்த நம்பர் கெடச்சாச்சு"ன்னு ஒரு தகவல் அனுப்பும். அதோட கேமோட வேல முடிஞ்சிச்சு.
3. கன்சோல் அத திகதி, நேரத்தோட உங்க அக்கவுண்டுல எழுதி, ஸ்கிரீன் மூலைல அந்த சின்னப் பெட்டிய காட்டும். ப்ளேஸ்டேஷன் 4, 5ல அந்த நிமிசத்த படமாவும் புடிச்சு வெக்கும்.
4. நெட் இருந்தா உடனே சேர்வருக்கு போகும், இல்லாட்டி கன்சோலுக்குள்ளயே நின்னு நெட் வந்ததும் போகும்.

இதுல கவனிக்க வேண்டியது, பதிவு இருக்குறது அக்கவுண்டுல. சேவ் பைல அழிச்சாலும், டிஸ்க்க வித்தாலும், கன்சோலே எரிஞ்சாலும், சேர்வருக்குப் போனது அங்கயே நிக்கும். இதோட நல்லதும் கெட்டதும் முக்காவாசி இந்த ஒரு காரணத்துல இருந்துதான் வருது.

## எங்கேருந்து வந்திச்சு

ஐடியா பழசு. 1980களோட ஆரம்பத்துல ஆக்டிவிஷன் கம்பனி அட்டாரி 2600 கேம்களோட கைநூல்லயே சொல்லியிருப்பாங்க, இத்தனை புள்ளி எடுத்து டீவி ஸ்கிரீன போட்டோ புடிச்சு எங்களுக்கு தபால்ல அனுப்புங்க, துணில தெச்ச பேட்ச் ஒன்னு அனுப்புறோம்னு. 1982ல வந்த பிட்ஃபால் கேமுக்கு 20,000 புள்ளி எடுக்கணும். போட்டோ கழுவி, தபால்ல போட்டு, வார வரைக்கும் காத்திருந்து வாங்குன பேட்ச், அதுக்கு இருந்த மதிப்ப இன்னைக்கு ஒரு பாப்-அப்புக்கு குடுக்கேலாதுதான்.

இப்ப நாம பாவிக்கிற வடிவம் 2005 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் 360யோட வந்திச்சு. மைக்ரோசொஃப்ட் அதுல ஒரு புது வேல பாத்தாங்க: ஒவ்வொரு அச்சீவ்மென்டுக்கும் புள்ளி வெச்சு, கடைல டிஸ்க்கா விக்கிற கேம் எதுவா இருந்தாலும் மொத்தம் 1000ன்னு அளவு வெச்சு, எல்லாத்தையும் கூட்டி உங்க பேருக்குப் பக்கத்துலயே கேமர்ஸ்கோர்னு காட்டுனாங்க. 2007ல ஸ்டீம்ல வந்திச்சு. 2008 ஜூலை 2ஆம் திகதி ப்ளேஸ்டேஷன் 3க்கு 2.40 அப்டேட்டோட ட்ரொஃபி வந்திச்சு, ஆனா அந்த அப்டேட் போட்ட சில கன்சோல் கெளம்பவே மாட்டேன்னு நின்னதால சோனி அத உடனே திருப்பி எடுத்து ஒரு வாரத்துக்குள்ள 2.41ன்னு திரும்ப விட்டாங்க. வெண்கலம், வெள்ளி, தங்கம், எல்லாம் முடிச்சா ப்ளாட்டினம். 2009 ஜனவரியில இருந்து புதுசா வார கேமுக்கெல்லாம் ட்ரொஃபி கட்டாயம்னு ஆக்குனாங்க. பெறகு 2010ல ஆப்பிள், 2013ல கூகுள், போனுக்கும் கொண்டு வந்தாங்க.

இப்ப உலகத்துல மூணு மாதிரி ஓடுது. எக்ஸ்பாக்ஸும் ப்ளேஸ்டேஷனும் கட்டாயம்ங்கிற மாதிரி. ஸ்டீம், போன் எல்லாம் வசதி இருக்கு, விருப்பம்னா பாவிங்கங்கிற மாதிரி. நின்டெண்டோ கன்சோல் அளவுல ஒன்னுமே இல்லங்கிற மாதிரி. சண்டை போடுறவங்க மொதலயும் கடைசியையும் மட்டும் வெச்சுத்தான் கதைக்கிறாங்க, நடுவுல ஸ்டீம் 2007ல இருந்து ஓடிட்டு இருக்குறது யாருக்கும் ஞாபகம் வரல்ல போல.

## கட்டாயம்னு ஆக்குனா என்ன நடக்குது

நல்ல அச்சீவ்மென்ட் எப்பிடி இருக்கும்னு மொதல்ல பாப்போம். 2006ல வந்த டெட் ரைசிங் கேம்ல 53,594 ஜோம்பிகளக் கொன்னா ஒன்னு கெடைக்கும். அந்த நம்பர் சும்மா போட்டது இல்ல, கதை நடக்குற ஊரோட சனத்தொகையே அவ்வளவுதான், அதாவது ஊர்ல ஒருத்தர் மிச்சமில்லாம. 2007ல ஹாஃப் லைஃப் 2 எபிசோட் டூவுல, ஆரம்பத்துல கெடக்குற ஒரு தோட்டத்து பொம்மைய கேம் முழுக்க தூக்கிட்டு வந்து கடைசில ரொக்கெட்டுக்குள்ள வெக்கணும். காருல ஏறுனா விழும், சண்டைல எங்கயோ உருண்டு போகும், தேடித் தேடி எடுக்கணும். அந்த ஒரு வரி விளக்கம், தெரிஞ்ச கேமையே வேற கேமா மாத்திடும். செய்றவங்க யோசிச்சு வெச்சா அச்சீவ்மென்டும் கேம் டிசைன்ல ஒரு பங்குதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா கட்டாயம்னு வந்ததும் யோசிக்காதவங்களும் வெக்கணும். 1000 புள்ளிய எப்பிடியாவது ரொப்பணும். அப்ப என்ன வரும், "மெனுவ திறந்தீங்க", "மொத அத்தியாயம் முடிச்சீங்க", "500 இறகு பொறுக்குனீங்க". 2007ல எக்ஸ்பாக்ஸ் 360ல வந்த அவதார் தி பர்னிங் ஏர்த் கேம்ல அஞ்சே அஞ்சு அச்சீவ்மென்ட், அத்தனையும் ஒரே மாதிரி அடிய விடாம அடிச்சாப் போதும், சில நிமிசத்துல 1000 புள்ளியும் கைக்கு வந்திடும். அந்த கேம யாரும் கேமுக்காக ஞாபகம் வெச்சிருக்கல்ல, இதுக்காகத்தான் வெச்சிருக்காங்க.

தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற கணக்கு தெரிஞ்சவங்களுக்கு இது லேசா விளங்கும். நாளைக்கு இத்தனை கிலோன்னா முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், கொறைஞ்சா அரைப்பேர், கூடுனா கிலோவுக்கு கைக்காசு. தராசு காட்டுறது எடைய மட்டுந்தான், ரெண்டு இலையும் மொட்டுமா இல்ல முத்துன இலையான்னு தராசுக்கு எங்க தெரியும், அதனாலதான் கணக்கப்பிள்ளை கொழுந்த கொட்டி கிளறிப் பாக்குறாரு. கேமர்ஸ்கோர்ங்கிறது தராசு மட்டும் இருந்து, கிளறிப் பாக்க ஆள் இல்லாத மடுவம், அதாவது கொழுந்து நிறுக்குற எடம். அந்த அவதார் கேமோட 1000மும், 60 மணித்தியாலம் மூச்சு முட்ட ஆடி எடுக்குற ஒரு கேமோட 1000மும் ஒரே எடைதான் காட்டும்.

ட்ரொஃபி பக்கமும் இதேதான். ப்ளேஸ்டேஷன் ஸ்டோர்ல கொஞ்ச சல்லிக்கு விக்கிற, சில நிமிசத்துல ப்ளாட்டினம் தர்ற கேம்கள்னு ஒரு வியாபாரமே ஓடுது, அதுவும் ஒரே கேமுக்கு பிஎஸ்4க்கு ஒரு பட்டியல், பிஎஸ்5க்கு ஒரு பட்டியல், நாட்டுக்கு நாடு வேற பட்டியல்னு போட்டு, ஒரே வேலைய திரும்பத் திரும்ப செஞ்சு ப்ளாட்டினத்த அடுக்கலாம். வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் அது கேம் இல்லன்னு நல்லாவே தெரியும்.

விருப்பம்னு இருக்குற ஸ்டீம்லயும் கூத்து நடந்திச்சு, அதையும் சொல்லத்தான் வேணும். ஆயிரக்கணக்குல அச்சீவ்மென்ட் வெச்ச கேம்கள் வந்திச்சு, தொறந்து வெச்சாலே கொட்டும், அந்த சின்னப் படங்கள எழுத்தா அடுக்கி ப்ரொஃபைல அலங்கரிக்கத்தான் அதெல்லாம். 2018ல ஸ்டீம நடத்துற வால்வ் கம்பனி ஒரு விதி போட்டாங்க, உண்மையா ஆள் வாங்கி ஆடுற கேம்னு உறுதியாகிற வரைக்கும் 100 அச்சீவ்மென்டுக்கு மேல வெக்கேலாது, ப்ரொஃபைல் கணக்குலயும் சேராதுன்னு. அதாவது மொத்தக் கணக்குல சேராதுன்னு ஆனதும் அந்த வியாபாரத்தோட உயிர் போச்சு. ஆச எங்க இருந்திச்சுன்னு இதுலயே தெரியுதே.

## பரிசு குடுத்தா ஆச கூடுமா கொறையுமா

"அச்சீவ்மென்ட் கேம் ஆடுற சந்தோசத்தையே கெடுக்குது"ன்னு சொல்றவங்க ஒரு பழைய ஆராய்ச்சிய இழுப்பாங்க, பேர் சொல்லாமத்தான் பெரும்பாலும். 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேரு செஞ்சது. படம் வரையிறதுல ஏற்கனவே ஆசயா இருந்த பாலர் பள்ளிப் புள்ளைங்கள மூணு கூட்டமா பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு "வரைஞ்சா சான்றிதழ் தருவோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க. ரெண்டாவது கூட்டத்துக்கு சொல்லாம, வரைஞ்சு முடிச்ச பெறகு திடீர்னு குடுத்தாங்க. மூணாவதுக்கு ஒன்னும் இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா வெளையாட விட்டு பாத்தா, முன்கூட்டியே பரிசு சொன்ன கூட்டம் மத்தவங்க வரையிற நேரத்துல ஏறத்தாழ பாதி நேரந்தான் வரைஞ்சிச்சு. திடீர்னு பரிசு வாங்குன கூட்டத்துக்கு ஒரு பாதிப்பும் இல்ல.

2010ல கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டுல கிறிஸ் ஹெக்கர்ங்கிற டெவலப்பர் இதே மாதிரி ஆராய்ச்சிகள வெச்சுத்தான் அச்சீவ்மென்ட் கெடுதலா இருக்கலாமோன்னு ஒரு உரை செஞ்சாரு, அதுக்குப் பெறகுதான் இந்த வாதம் கேம் செய்றவங்களுக்குள்ளயே பெருசாச்சு.

என்னக் கேட்டா இந்த ஆராய்ச்சிய முழுசா அப்பிடியே கொண்டாந்து பொருத்தேலாது, பெரிய ஆள் கேம் ஆடுறதும் பாலர் பள்ளிப் புள்ள படம் வரையிறதும் ஒன்னு இல்ல. ஆனா அதுல யாரும் எடுத்துக் கதைக்காத பங்கு அந்த ரெண்டாவது கூட்டம். பரிசு இருக்குன்னு தெரியாம கெடச்சப்போ கெடுதல் வரல்ல. அப்ப பிரச்சினை வார எடம், பட்டியல கையில வெச்சுகிட்டு கேம ஆரம்பிக்கிறதுலதான். ஒளிச்சு வெச்ச அச்சீவ்மென்ட், அதாவது கெடைக்கிற வரைக்கும் விளக்கம் காட்டாதது, எல்லா சிஸ்டத்துலயும் ஏற்கனவே இருக்கு. கத வெளிய தெரியக்கூடாதுன்னு மட்டுந்தான் அத இப்ப பாவிக்கிறாங்க, எனக்குத் தெரிஞ்சு அதோட பெரிய பிரயோசனம் வேற.

## வேணும்னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கா

இருக்கு, நெறையவே இருக்கு. அவங்க எல்லாரையும் டிங் சத்தத்துக்கு அடிமைன்னு சொல்றது அநியாயம்.

1. ஞாபகம். பத்து வருசத்துக்கு முந்தி எந்த கேம எப்ப முடிச்சோம்னு திகதியோட ஒரு எடத்துல இருக்கு. கேம வித்துட்டீங்க, கன்சோலும் மாத்திட்டீங்க, ஆனா நீங்க ஆடுன வரலாறு நிக்கிது. படம் பாக்குறவங்களுக்கும் புத்தகம் வாசிக்கிறவங்களுக்கும் இப்பிடி தானா எழுதுற ஒரு டயரி கெடையாது.

2. ஒரு கேம முழுசா காட்டுறது. சில பேரு கத முடிஞ்சதும் போயிடுவாங்க, பட்டியல பாத்தாத்தான் அடடே இப்பிடியும் ஆடலாமான்னு தெரியும். சல்லி குடுத்து வாங்குன ஒரு கேமே நாலு மாசத்துக்கு ஓடணும்ங்கிற நெலமையில இருக்குறவங்களுக்கு இது சின்ன விசயம் இல்ல.

3. செய்றவங்களுக்கு தகவல். ஸ்டீம்ல எந்த அச்சீவ்மென்ட எத்தனை வீதம் பேரு எடுத்தாங்கன்னு யாரும் பாக்கலாம். மூணாவது அத்தியாயத்துல பாதிப் பேரு விட்டுட்டுப் போயிருந்தா அது அங்கயே தெரியும்.

4. சனமே இத விரும்புது. ரெட்ரோ அச்சீவ்மென்ட்ஸ்னு ஒரு முயற்சி, 1980, 90கள்ல வந்த பழைய கேம்களுக்கு ரசிகர்களே பட்டியல் எழுதி, பழைய கன்சோல் மாதிரியே ஓடுற எமுலேட்டர் மென்பொருள்ல ஆடுறப்போ அச்சீவ்மென்ட் விழுற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. எந்தக் கம்பனியும் கேக்கல்ல, ஒரு சல்லி வருமானமும் இல்ல. கூட்டம் கூட்டமா செய்றாங்க. அதுலயும் நெறைய நின்டெண்டோவோட பழைய கேம்களச் சுத்தித்தான், அதான் வேடிக்கை.

## நின்டெண்டோ உண்மையில என்ன செய்யுது

நின்டெண்டோவுக்கு அச்சீவ்மென்டே புடிக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது பிழை. ஸ்மாஷ் பிரதர்ஸ்ல சவால் பலகை 2008லயே இருந்திச்சு. 2017ல மாரியோ ஒடிசியில ஒரு பாத்திரம் நின்னுகிட்டு நீங்க செஞ்சதுக்கெல்லாம் கணக்கு வெச்சு பரிசு குடுக்கும். 2020ல வந்த அனிமல் க்ரொஸிங்ல நூக் மைல்ஸ்னு ஒன்னு, மீன் புடிச்சாலும் மரம் வெட்டுனாலும் முத்திரை விழுந்து மைல் சேரும், அத செலவழிச்சு சாமான் வாங்கலாம். ஜெல்டாவோட சுவிட்ச் 2 எடிஷன்களுக்கு போன் ஆப்புல மெடல்னே குடுக்குறாங்க, கன்சோல்ல குடுக்க மாட்டோம் போன்ல தாறோம்ங்கிறது எந்த ஊர் நியாயமோ.

இன்னொன்னையும் பாருங்க. 2017ல வந்த ஜெல்டா கேமான ப்ரெத் ஒஃப் த வைல்ட்ல 900 கொரோக் விதை ஒளிச்சு வெச்சிருக்கு. 900த்தையும் தேடி எடுத்தா கெடைக்கிற கடைசிப் பரிசு, தங்க நெறத்துல பாத்தா பீ மாதிரியே இருக்குற ஒரு பொருள், அதுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. எல்லாத்தையும் பொறுக்கணும்னு வெறி புடிச்சு அலையிறவங்கள கேமே கேலி பண்ணுது. விதை தேவைக்கு அளவா கெடச்சாப் போதும், நடக்குற வழியில கண்ணுல படட்டும்னுதான் அவ்வளவு கொட்டி வெச்சிருக்காங்கன்னு ஆடுனா விளங்கும். இதே கேம் வேற கன்சோல்ல கட்டாயப் பட்டியலோட வந்திருந்தா, "900 விதை எடு"ங்கிறது ஒரு ட்ரொஃபியா ஆகியிருக்கும், அந்த கேலிக்கே எடம் இல்லாம போயிருக்கும்.

ஆக, நின்டெண்டோ கேமுக்கு ஏத்த மாதிரி கேமுக்குள்ளயே வைக்கிறாங்க. அவங்க சொந்த கேமுக்கு அது சரி. ஆனா மத்தவங்க செய்ற கேமும் அந்த கன்சோல்ல வருதே? ஸ்டார்டியூ வெலியில பட்டியல் கேமுக்குள்ளயே இருக்குறதால பரவாயில்ல. வேற எத்தனையோ கேம் பிசியில, ப்ளேஸ்டேஷன்ல அச்சீவ்மென்டோட வந்து, சுவிட்ச்ல வாரப்போ அது மொத்தமா கழண்டு போயிடுது. எழுதி வெச்ச பட்டியல், செஞ்சு வெச்ச படம் எல்லாம் இருக்கு, கன்சோல்ல எடுத்து வெக்க ஒரு எடம் இல்ல. இதுக்கு நின்டெண்டோ பக்கம் எனக்கு ஒரு நல்ல பதிலும் தெரியல்ல.

## நம்ம பக்கத்துல இது எப்பிடி மாறுது

இந்த வாதம் எழுதுறவங்க பெரும்பாலும் ஆளுக்கொரு கன்சோல், ஆளுக்கொரு அக்கவுண்ட், எந்நேரமும் நெட்னு நெனச்சு எழுதுறாங்க. இலங்கை மலைநாட்டுல கத வேற.

கேம் சென்டர்ல மணிக்கணக்குக்கு சல்லி குடுத்து ஆடுறப்போ லொகின் பண்ணியிருக்குறது கடையோட அக்கவுண்ட். நீங்க கஷ்டப்பட்டு எடுக்குற ட்ரொஃபி அந்தக் கடைக்குத்தான் போகும், உங்களுக்கு முந்தி ஒருத்தன் எடுத்திருந்தா உங்களுக்கு அந்தப் பெட்டி வரவே வராது. வீட்டுல அண்ணன் தம்பி மூணு பேருக்கு ஒரு கன்சோல்னாலும் ஒரே அக்கவுண்டுல ஆடுனா இதே கததான், ஆளுக்கொரு யூசர் போட்டுக்கிறது நல்லது.

அடுத்தது அக்கவுண்டோட நாடு. ப்ளேஸ்டேஷனோட ஒன்லைன் சேவையான பிஎஸ்என்ல அக்கவுண்ட் தொறக்குறப்போ வார பட்டியல்ல இலங்கை இல்ல, அதனால இந்தியா, சிங்கப்பூர், துபாய்னு ஏதாவது ஒன்ன போட்டுத்தான் தொறக்குறாங்க, ஒருக்கா போட்ட நாட்ட பெறகு மாத்தேலாது. பழைய கன்சோல் வாங்குறப்போ கடையில போட்டுக் குடுத்த அக்கவுண்டையே பாவிச்சுகிட்டு வருசக்கணக்குல ட்ரொஃபி சேத்தா, அந்த ஈமெயிலும் பாஸ்வேர்டும் வேற ஒருத்தர் கையில. பதிவு அக்கவுண்டுல நிக்கிதுன்னு மேல சொன்னது இங்கதான் கடிக்கும், அக்கவுண்ட் போனா மொத்தமும் போச்சு, ஒரு அக்கவுண்டுல இருந்து இன்னொன்னுக்கு ட்ரொஃபிய தூக்கிட்டுப் போக வழியே இல்ல. 2024 மே மாசம் ஹெல்டைவர்ஸ் 2 கேமுக்கு பிசியிலயும் பிஎஸ்என் அக்கவுண்ட் கட்டாயம்னு சோனி சொன்னப்போ, பிஎஸ்என் இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகள்ல அந்த கேமோட விற்பனையே நின்னு போச்சு. கட்டாயத்த பெறகு திருப்பி எடுத்தாங்க. நாடு பட்டியல்ல இல்லாதவங்க எந்த நேரமும் இப்பிடி வெளிய நிக்கலாம்ங்கிறது அப்பத்தான் நெறைய பேருக்கு விளங்குச்சு.

கரண்ட் விசயம். ட்ரொஃபி விழுந்த அந்த நிமிசமே கன்சோல் அத தனியா எழுதிடும், சேவ் பைலோட அதுக்கு சம்பந்தம் இல்ல. 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்துல இந்த வேடிக்கை நெறைய நடந்திருக்கும், பாஸ தோக்கடிச்ச ட்ரொஃபி இருக்கும், தோக்கடிச்ச சேவ் இருக்காது. நெட் இல்லாட்டியும் ட்ரொஃபி விழும், பெறகு சிங்க் ஆகும், ஆனா அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க் போனா போனதுதான். அதனால சிக்னல் கெடைக்கிற எடத்துல இடைக்கிட ஒருக்கா கனெக்ட் பண்ணிக்கணும், கேம் டவுன்லோட் மாதிரி இதுக்கு டேட்டா ஒன்னும் பெருசா போகாது.

ஆனா ஒன்லைன்ல மட்டும் எடுக்கக்கூடிய அச்சீவ்மென்ட் இருக்கு பாருங்க, அதுதான் நம்மாளுக்கு சரியான இடி. டேட்டா போட்டு, தூர நாட்டு சேர்வர்ல லேக்கோட, அதாவது தாமதத்தோட, ஆடி, 100 மெச் ஜெயிக்கணும்னா யாரால ஏலும்? கேம் மிச்சம் எல்லாம் 100 வீதம் முடிச்சிருப்பீங்க, அந்த ஒன்னுக்காக ப்ளாட்டினம் வராது. சேர்வர மூடிட்டாங்கன்னா அது உலகத்துல யாராலயும் எடுக்கேலாது, பட்டியல்ல மட்டும் அப்பிடியே நிக்கும். 2024 மார்ச் 31 தி க்ரூ கேமோட சேர்வர மூடுனப்போ அச்சீவ்மென்ட் மட்டுமில்ல, கேமே போச்சு.

## அப்ப வேணுமா வேணாமா

வேணும். ஆனா இப்பிடி இருக்கணும்:

1. கன்சோல்ல பொதுவான எடம் இருக்கணும், அதுல சேருறது கேம் செய்றவங்க விருப்பம். ஸ்டீம் மாதிரி. ரெண்டு பேரு சேந்து செய்ற சின்ன கேமுக்கு பட்டியல், படம், மொழிபெயர்ப்பு, அதுக்கொரு சோதனைன்னு கட்டாயமா வேலைய ஏத்தக் கூடாது.

2. எல்லா கேமையும் கூட்டுற மொத்தப் புள்ளி வேணாம். ஒரு கேமுக்குள்ள எத்தனை வீதம் முடிச்சீங்கன்னு காட்டுனாப் போதும். கொழப்பம் முழுக்க அந்தக் கூட்டல்ல இருந்துதான் வருது. சோனி 2020 அக்டோபர்ல ப்ளாட்டினத்துக்கு 180 புள்ளிய 300 ஆக்கி, ட்ரொஃபி லெவல 100ல இருந்து 999 வரைக்கும் நீட்டுனாங்க, அதுல யாரு என்னத்த கண்டாங்கன்னு விளங்கல்ல.

3. ஆடுறவங்களுக்கு மொத்தமா மூடி வெக்கிற சுவிட்ச். பாப்-அப்ப நிப்பாட்ட, கேம மத்தவங்களுக்கு மறைக்க இப்பவே ஓரளவுக்கு வழி இருக்கு, ஆனா செட்டிங்ஸ்ல தோண்டித் தேடணும். மொத தடவ கன்சோல போடுறப்பவே கேக்கணும்.

4. ஒன்லைன் தேவைப்படுறத தனிப் பட்டியல்ல போடணும், சேர்வர் மூடுனா அது கணக்குல இருந்து கழியணும்.

ரெண்டாவதுதான் நடக்காது. அந்த மொத்தம்தான் ஒருத்தர ஒரே கம்பனி கன்சோலோட கட்டி வெக்கிது, பத்து வருசம் சேத்த ட்ரொஃபிய விட்டுட்டு மத்தக் கன்சோலுக்குப் போக மனசு வராதே, அத எந்தக் கம்பனி கையால எடுத்து வீசும். கட்டாயமும் இதுக்குத்தான், எல்லா கேமும் சேந்தாத்தான் கட்டு இறுகும்.

## நின்டெண்டோ நாளைக்கே குடுத்தா?

ஒரு நாள் அப்டேட் வந்து அச்சீவ்மென்ட் வந்திச்சுன்னு வெச்சுக்குங்க, நீங்க ஏற்கனவே முடிச்ச கேமுக்கெல்லாம் அது தானா விழாது. கன்சோல் எடத்த மட்டுந்தான் குடுக்கும், தகவல் அனுப்ப வேண்டியது கேம், அதுக்கு ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியா பெட்ச், அதாவது கேம மாத்துற அப்டேட், வரணும்.

ப்ளேஸ்டேஷன் 3ல நடந்தது இதேதான். மெட்டல் கியர் சொலிட் 4 ட்ரொஃபி வாரதுக்கு மூணு கிழமைக்கு முந்தி, 2008 ஜூன்ல வந்திச்சு. அந்தக் காலத்துல அந்த கன்சோலோட முகமே அந்த கேம்தான், ஆனா அதுக்கு ட்ரொஃபி பெட்ச் வர 2012 ஆச்சு. 2007ல வந்த கோல் ஒஃப் டியூட்டி 4, ஒரு கோடிக்கு மேல வித்த கேம், ப்ளேஸ்டேஷன் 3ல அதுக்கு கடைசி வரைக்கும் வரவேயில்ல. சுவிட்ச்ல 2017ல இருந்து வந்து குவிஞ்சிருக்குற கேம்களுக்கு, அதுலயும் செஞ்ச கம்பனியே இப்ப இல்லாத கேம்களுக்கு, யாரு ஒக்காந்து பெட்ச் எழுதுவாங்க?